நவோஷிமாவின் கருஞ்சுவர்களும் கழிவுப் பலகைகளும்

ஜப்பானில் உனோ துறைமுகத்திலிருந்து படகேறினால் 20 நிமிடத்தில் நவோஷிமா தீவு. மியானௌராவில் இறங்கி, கிழக்குக் கரையிலுள்ள ஹொன்முராவுக்குப் போனால் சந்துக்குச் சந்து கருப்புச் சுவர்கள். எல்லாம் சுட்ட பலகை. யாகிசுகி என்பார்கள்: சுகி அவர்களின் தேவதாரு வகை மரம், யாகி என்றால் சுட்டது. கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்து 1999-இல் எழுந்த மினாமிதெரா என்ற கலைக்கூடத்துக்கும் இதே கருப்புப் போர்வைதான்.

சுவரருகே நின்று பாருங்கள். முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். சாய்வெயிலில் வெள்ளியாக மினுங்கும். விரல் வைத்தால் கரி ஒட்டும். அந்த வெடிப்புதான் விஷயம். மேலோட்டமாகக் கருக்கிய பலகையில் அது வராது, சில மழையிலேயே கருப்பு கழுவிக்கொண்டு போய்விடும்.

இடித்த வீட்டுப் பலகையிலும் இதைச் செய்யலாம். காய்ந்து, முறுக வேண்டியதெல்லாம் முறுகி முடிந்த மரம் அது. ஆனால் அதன் பூர்வீகம் தெரியாமல் தீ வைக்கக் கூடாது. பச்சை சாயலடிக்கும் மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அதுவே இருக்கும். பழைய பெயின்டில் ஈயம், பிளைவுட்டில் பசை. சரக்கு அடுக்கும் பேலட்டின் பலகையில் 'எச்.டி.' முத்திரை சூடேற்றியதைக் குறிக்கும், 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது, தொடவே வேண்டாம். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுக் காந்தத்தை ஒருமுறை ஓட்டுங்கள்.

சுடும் முறை பழையது, எளியது. ஒரு சாண் அகலமும் குறைந்தது 15 மி.மீ. தடிமனும் உள்ள 3 பலகைகளை முக்கோணக் குழாயாகச் சேர்த்துக் கம்பியால் 2, 3 இடத்தில் கட்டுங்கள். செங்கல் மேல் நிறுத்தினால் அடியில் காற்றுப் புகும். கீழே இழைப்புச் சுருளோ காகிதமோ வைத்துப் பற்றவையுங்கள். குழாயே புகைபோக்கியாகித் தீயை மேலே இழுக்கும். உச்சியில் சுடர் எழுந்த பிறகு சில நிமிடம் போதும். நடுவில் தலைகீழாகத் திருப்பினால் இரு முனையும் சீராகக் கருகும். ஒரு மீட்டருக்கும் குட்டையான துண்டுகளில் இழுவை வராது; அவற்றுக்கு கேஸ் டார்ச்தான். வேலை நீளும், கரி மெலிதாகவே வரும்.

கம்பியை அறுத்துப் பலகைகளை விரித்ததும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அணைந்தது போலத் தெரியும் கனல் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் மறுபடி பிடிக்கும். மெல்லிய பலகை சுட்ட பக்கமாகவே குழிந்து வளையும். அந்தப் பக்கம்தான் ஈரம் இழந்து சுருங்குகிறது.

சுட்டால் கறையானே அண்டாது என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். கரி முன்முகத்தில் மட்டும். பின்பக்கமும் அறுத்த முனைகளும் வெறும் மரம். ஆகவே சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து 20 மி.மீ. காற்றிடைவெளி விடுங்கள், தரையிலிருந்து உயர்த்தி அடியுங்கள், ஆணி ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

கை படும் இடமென்றால் கம்பி பிரஷால் தளர்ந்த கரியைத் தேய்த்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவிடுங்கள்.