ஏப்பத்தில் போகும் தீவனம்

பவானிக்குப் பக்கத்தில் எங்கள் தொழுவத்தில் மூன்று ஜெர்சி கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. பல ஆண்டுகளாக வைக்கோலும் தவிடும்தான் தீனி. கால்நடை மருத்துவர் ஒருநாள் சொன்ன கணக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது. பசு தின்னும் தீவனத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 6 சதவீதம் மீத்தேன் வாயுவாகி, பெரும்பாலும் ஏப்பமாகவே போய்விடுகிறதாம். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. கடன் வாங்கிப் போட்ட தீனி, பாலாகாமல் வானத்தைக் கெடுக்கிறது!

தீனியை மாற்றத் துணிந்து, அளவை முடிவு செய்ய முதலில் என் பசு கறுப்பியின் எடை பார்த்தோம். மார்புச் சுற்றளவு 62 அங்குலம், உடல் நீளம் 60. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கறுப்பியின் எடை ஏறத்தாழ 350 கிலோ. உடலைப் பராமரிக்க நாளுக்கு ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம் என்று அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) முடிவானது. கூடவே 20 கிலோ பசுந்தீவனம்: முக்கால் பங்கு கோ-5 நேப்பியர் என்ற தீவனப்புல், கால் பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம். வைக்கோல் 3 கிலோவாகக் குறைந்தது. தாது உப்புக் கலவையும் சேர்ந்தது.

இங்கேதான் தவறு செய்தேன். நார் மிகுந்த வைக்கோல் செரிக்கும்போது ஹைட்ரஜன் நிறைய உண்டாகிறது, அதைத்தான் வயிற்று நுண்ணுயிர்கள் மீத்தேனாக்குகின்றன, மாவுச்சத்தில் அது குறைவு என்று மருத்துவர் விளக்கியிருந்தார். அப்படியானால் மக்காச்சோள மாவைக் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று ஒரே நாளில் இரண்டு கிலோ அதிகமாக வைத்துவிட்டேன். மாலையில் கறுப்பி அசைபோடவில்லை. சாணம் தண்ணீராகிப் புளித்த நாற்றம் அடித்தது. வயிற்றில் அமிலம் ஏறிவிட்டது. மருத்துவர் ஓடி வந்து சோடா உப்புக் கரைசல் கொடுத்தார். இரவு முழுவதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் அது மெல்ல அசைபோடத் தொடங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“தீனி மாற்றுவது மாட்டுக்கு மட்டுமில்லைங்க, உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கும்தான். அவை பழகப் பதினைந்து நாளாவது வேண்டும்” என்றார் அவர். பிறகு நாளுக்கு ஒரு கைப்பிடியாகத்தான் மாற்றினேன்.

மூன்று மாதம் ஆகிறது. கன்று ஈன்று ஆறு மாதம் கடந்து, பால் வற்றத் தொடங்கும் காலத்திலும் கறுப்பி எட்டு லிட்டரில் நிற்கிறது. என் தொழுவத்தில் மீத்தேனை அளக்கக் கருவி கிடையாது. தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் நடத்திய சரிவிகிதத் தீவனத் திட்டத்தில், ஒரு கிலோ பாலுக்கான மீத்தேன் 12 முதல் 15 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். தீனி வீணாகாமல் பாலாவதைக் கண்ணால் பார்த்த பின் நான் அதை நம்புகிறேன்.

கோடையில் நேப்பியர் காய்ந்துவிட்டால் பழையபடி வைக்கோலுக்கே திரும்ப வேண்டியிருக்கும். அதற்காக இந்த வாரம் தீவன மக்காச்சோளத்தை நறுக்கி, ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் பசுந்தீவனம்) போடக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறோம்.