ஓடுது சார்

தன் மொபைல் கேமில் இருந்த ஒரு பிழையைச் சரிசெய்துவிட்டு வந்த இன்டர்ன்ஷிப் மாணவனிடம் "எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டதற்கு, அவன் சொன்னது: "தெரியல சார், ஆனா ஓடுது." "சரி, அடுத்ததப் பாரு" என்றேன். அங்கேயே நிறுத்தி விளக்கியிருக்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

அவன் செய்துகொண்டிருந்தது ஃப்ளாப்பி பேர்டின் நகல். ஹனோயின் டோங் நுயென் 2013இல் வெளியிட்டு, 2014 பிப்ரவரியில் அவரே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்ட கேம். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியைக் கற்பவர்களில் பலர் இதில்தான் கைவைக்கிறார்கள். தட்டினால் பறவை எழும்பி, குழாய்களுக்கு இடையே புகுந்து போக வேண்டும், அவ்வளவுதான். இவன் பறவையோ போனில் சில தட்டலுக்கு இரண்டு மடங்கு எழும்பியது. ஏதோ வீடியோ பார்த்து ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்குத் திரை வரையப்படும் எண்ணிக்கையை, 60 ஆக்கினான். இரட்டைத் தாவல் நின்றது. ஆனால் சில தட்டல்கள் விழவே இல்லை.

காரணம் ஒன்றுதான். யூனிட்டியில் அப்டேட் என்ற பகுதி ஃபிரேமுக்கு ஒருமுறை ஓடும்; ஃபிக்ஸட்அப்டேட் இயற்பியல் கணக்குக்கானது. தட்டலைப் படிக்கும் வரி ஃபிக்ஸட்அப்டேட்டுக்குள் இருந்தது. அது 0.02 நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறை ஓடும். தட்டல் விழுந்ததா என்று பார்க்கும் கெட்மவுஸ்பட்டன்டவுன் உண்மை என்று சொல்வதோ ஒரே ஒரு ஃபிரேமுக்கு. யூனிட்டி மொபைலில் வழக்கமாக ஓடும் 30 ஃபிரேமில், நொடிக்கு 20 ஃபிரேம்களில் ஃபிக்ஸட்அப்டேட் இரண்டிரண்டு தடவை வந்துவிடும்; ஒரே தட்டலுக்கு விசை இரண்டு முறை. 60இல் பத்து ஃபிரேம்களில் அது வராது. ஆறில் ஒரு தட்டல் காணாமல் போகும். தட்டலை அப்டேட்டில் படித்து ஒரு பூலியனில் (ஆம், இல்லை என்று மட்டும் வைக்கும் மாறி) வைத்து, விசையை மட்டும் ஃபிக்ஸட்அப்டேட்டில் கொடுத்து, பூலியனை அணைப்பதே முறை. இவன் எல்லாவற்றையும் அப்படியே அப்டேட்டுக்குத் தூக்கிப் போட்டிருந்தான். ஒருமுறை கொடுக்கும் விசை என்பதால் அதுவும் ஓடும்.

விளக்காமல் விட்டதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. சி மொழியின் பாயின்டரில் தொடங்கி அங்கேயே வெறுத்துப்போன பிள்ளைகள் நிறைய. திரையில் ஏதாவது அசைந்தால்தான் மறுநாள் வந்து உட்கார்வார்கள். பிளே ஸ்டோர் வேறு காத்திருந்தது: 25 டாலர் பதிவுக் கட்டணம், புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரைப் பிடிப்பதற்குள் கேம் எழுதியதே சுலபம் என்றாகிவிடும்.

ஆனால் இந்த நியாயத்தை அவனே குழப்பிவிட்டான். பிறகு ஒவ்வொரு குழாய் வரும்போதும் கேம் லேசாகத் திக்கியது. இந்த முறை நான் கேட்காமலே காரணம் சொன்னான்: குழாய் இன்ஸ்டன்ஷியேட் ஆகும், அதாவது புதிதாக உருவாகும் ஃபிரேமில், நேரச் செலவைக் காட்டும் புரொஃபைலரின் கோடு குத்திட்டு எழுகிறது என்று. ஆறு ஜோடிக் குழாய்களை முன்கூட்டியே உருவாக்கி, இடப்பக்கம் வெளியேறியதை வலப்பக்கம் நகர்த்தி வைத்தான். உருவாக்கியதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அழகான பூலிங்.

விட்டதால் வளர்ந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அதை முழுக்க நம்பவில்லை. திக்கல் புரொஃபைலரில் கண்ணுக்குத் தெரிந்தது, தொலைந்த தட்டல் எங்கேயும் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவாகவும் இருக்கலாம். அப்டேட்டில் ஒன்று, ஃபிக்ஸட்அப்டேட்டில் ஒன்று என இரண்டு டீபக் லாக் வரிகளில் ஃபிரேம் எண்ணை அச்சிட்டால் போதும். ஃபிக்ஸட்அப்டேட் வரியில் 30இல் சில எண்கள் இரண்டு தடவை வரும், 60இல் சில எண்கள் விடுபடும். அதைக் காட்டியிருந்தால் நான் வாய் திறக்கவே வேண்டியிருந்திருக்காது.