ஏதாவது ஒன்றைப் பிடிங்க சார்

போன சனிக்கிழமை கோத்தகிரி காந்தி மைதானத்தில் மிஸ்ட் இறங்கி எதிர் கோல்போஸ்ட்டே தெரியாமல் போனபோது, பையனுக்குச் சொல்லித்தரும் கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கால்பந்தா கிரிக்கெட்டா, ஏதாவது ஒன்றைப் பிடிங்க சார். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வேண்டாம்." பையனுக்கு வயது 11.

அவர் கணக்கில் அது சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு கோட்டா ராமசாமி ஞாபகம்தான் வந்தது. கிரிக்கெட், டென்னிஸ் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய சென்னைக்காரர்.

1896இல் பிறந்தவர். அப்பா புச்சிபாபு நாயுடு. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் உட்கார, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார வேண்டியிருந்த காலத்தில், 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்த மனிதர். புச்சிபாபு கோப்பை என்று இன்றும் ஆடுகிறார்களே, அவர் பெயரில்தான். ராமசாமிக்கு 12 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். ஆனால் மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் ஆட்டமும் இருந்தது, அதற்கான வசதியும் இருந்தது.

கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார், டென்னிஸ் ஆடினார். நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையில், 1922இல், ஃபைஸி என்ற ஆட்டக்காரருடன் ஜோடி சேர்ந்து ருமேனியாவுக்கு எதிராக இரட்டையர் ஆட்டத்தை ஜெயித்தார். கிரிக்கெட்டில் இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதி கிடைத்ததே 1932இல்தான். அதனால் அவர் முதல் டெஸ்ட் ஆடும்போது 1936 ஆகிவிட்டது, வயது 40 தாண்டிவிட்டது. மான்செஸ்டரில் நடந்த அந்த டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 40, 60 என்று ரன் எடுத்தார். அந்த ஆட்டம் என்றாலே எல்லோரும் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் தொடக்க ஜோடியாக எடுத்த 203ஐத்தான் சொல்வார்கள், அது நியாயம்தான், ஆனால் பருத்த உடம்போடு இடது கையில் மட்டை பிடித்து நாற்பது வயதுக்காரர் அடித்த அந்த 60தான் எனக்குப் பிடித்தது. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56க்கு மேல். அப்புறம் தேர்வாளராக இருந்தார், 1952-53இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜராகவும் போய் வந்தார்.

இவரைக் காட்டி கோச்சிடம் வாதாடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதே 1936 அணியில் இன்னொரு சென்னைக்காரர் இருந்தார், எம்.ஜே. கோபாலன். வேகப்பந்து வீச்சாளர். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். ஹாக்கியிலும் கெட்டிக்காரர், 1935இல் தியான்சந்தின் அணியோடு நியூசிலாந்து போனவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தது. கோச் சொல்வது போலவே ஒன்றைப் பிடித்தார், கிரிக்கெட்டை. இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று ஓவல் டெஸ்ட் தொடங்கியது. ராமசாமி அணியில் இருந்தார், கோபாலன் இல்லை. அதே நாள் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று அடித்து இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. இதை முதலில் படித்தபோது தேதியைத் திரும்பவும் சரிபார்த்தேன். கோபாலனும் பின்னாளில் தேர்வாளரானார். யாரை எடுப்பது, யாரை உட்கார வைப்பது என்ற அந்த மேஜையில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போதும் யோசிப்பேன்.

ராமசாமியின் முடிவு வேறு மாதிரி. 1985 அக்டோபர் 15, வயது 89, சென்னையில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. எங்கே போனார், என்ன ஆனார், இன்றுவரை தெரியாது.

எங்கள் பெரியப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். கால்பந்து, வாலிபால், பூப்பந்து எல்லாம் ஆடினார், எல்லாவற்றுக்கும் ஒரே கேன்வாஸ் ஷூ. ஊர் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே, சுண்ணாம்புக் கோடு போடுகிறவரும் அவரே, பந்துக்குக் காற்றடிக்கிறவரும் அவரே. யாரும் அவரிடம் ஒன்றைப் பிடி என்று சொன்னதில்லை, சொல்ல ஆளே இல்லை என்பதும் உண்மை.

என் பையனுக்கு இப்போது கால்பந்துக்கு ஒரு ஷூ, கிரிக்கெட்டுக்கு ஒரு ஷூ வேண்டுமாம். பச்சைத் தேயிலைக்கு இன்று கிடைக்கிற விலையில் இரண்டும் சேர்ந்து இந்த மாதம் ஆகாது. முதலில் கால்பந்து ஷூ. கிரிக்கெட்டைப் பழைய ஷூவிலேயே ஆடட்டும், கோச் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.