கங்கைச் சொம்போடு மாத்தூருக்கு

காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கும்போது விடிந்தும் விடியாத நேரம். பெட்டி இரண்டையும் என்னிடம் கொடுத்த ஆத்தா, தோளில் மாட்டியிருந்த துணிப்பையை மட்டும் கொடுக்கவில்லை. காசியில் ரயில் ஏறியதிலிருந்து அந்தப் பை தரையைத் தொடவே இல்லை. சீட்டில் இருக்கும், இல்லையென்றால் மடியில் இருக்கும். உள்ளே இரண்டு செப்புச் சொம்புகள், பெரிது ஒன்று, சிறிது ஒன்று. வாயை ஈயம் வைத்து அடைத்த கங்கை.

போன மாதம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் எடுத்த மணலைப் பிரயாகை திரிவேணி சங்கமத்தில் கரைத்துவிட்டோம். இனி கங்கையைக் கொண்டுபோய் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்த கணக்கு. நேரே ராமேஸ்வரமே போய்விடலாமே என்று சென்னையில் ரயில் மாறும்போது சொல்லிப் பார்த்தேன்.

"நம்ம கோயில்ல சொல்லாம எப்படித் தம்பி போறது?" என்றார் ஆத்தா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

நம்ம கோயில் என்றால் மாத்தூர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் நகரத்தாருக்குக் கோயில்கள் 9: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. எந்தக் குடும்பமானாலும் இதில் ஒன்றில் புள்ளி, அதாவது அந்தக் கோயிலின் கணக்கில் சேர்ந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும். ஒரே கோயிலில் ஒரே பிரிவு என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததால் இதை நான் பெரிதாக நினைத்ததில்லை, காசிக்குப் போகும்வரை.

போகும்போது ஸ்டேஷன் பலகையில் தமிழ் போய்த் தெலுங்கு வந்தது. தெலுங்கு போய் மராத்தி, அப்புறம் இந்தி. டீயின் ருசி மாறியது, சோறு குறைந்து ரொட்டி வந்தது, பக்கத்து சீட்டுக்காரர்களோடு பேச்சு போய்ச் சைகையானது. சைகையிலேயே ஒரு பாட்டி ஆத்தாவுக்குப் பூரியும் ஊறுகாயும் கொடுத்தார், ஆத்தா பதிலுக்கு எங்கள் ஊர்ப் பலகாரமான மணகோலம் கொடுத்தார். இரண்டு நாள் அப்படிப் போய் இறங்கி, இருட்டும் நேரத்தில் கோதௌலியா பக்கத்துச் சந்துகளில் வழி கேட்டுக் கேட்டு நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்துக்குள் நுழைந்தோம். நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"வாங்க. எந்த ஊரு? எந்தக் கோயில்?"

"மாத்தூர், உறையூரு" என்றார் ஆத்தா. மாத்தூர் கோயிலின் 7 பிரிவுகளில் உறையூர் ஒன்று. சொல்லும்போதே ஆத்தாவுக்குக் குரல் கம்மிவிட்டது. அவ்வளவு தூரம் வந்து, தெரியாத ஊரில், அந்த இரண்டு சொல்லே அடையாளமாகப் போதுமாக இருந்தது.

அந்தச் சத்திரம் 1863இல் வந்தது. கொண்டுவிற்க, அதாவது வெளியூருக்கு வியாபாரத்துக்கு, போன எங்கள் முன்னோர்கள் போன இடமெல்லாம் கோயிலைத்தான் முதலில் தேடியிருக்கிறார்கள். இன்றைக்கும் சத்திரத்திலிருந்து நாள்தோறும் விசுவநாதர் பூசைக்குப் பொருள்கள் போகின்றன. "சம்போ மகாதேவா" என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் சந்தில் நின்ற கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டதைப் பார்த்தேன். மறுநாள் அதிகாலையில் விசுவநாதரைத் தொட்டுக் கும்பிட விட்டார்கள். நம் பக்கத்தில் கருவறை வாசலைத் தாண்ட மாட்டோமே. ஆத்தா கையை நீட்டுவார், இழுத்துக்கொள்வார். பின்னால் நின்ற வடநாட்டுப் பெண் ஒருத்தி ஆத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல லிங்கத்தின் மேல் வைத்தாள்.

ஸ்டேஷனிலிருந்து வந்து வீட்டைத் திறந்து, வளவு முற்றத்தில் தண்ணீர் தெளித்து, குளித்துவிட்டுக் கிளம்பினோம். எங்கே போவதானாலும் முதலில் பிள்ளையார்பட்டி. குன்றைக் குடைந்த குகைக்குள் கற்பக விநாயகர் பாறையோடு பாறையாக இருக்கிறார். இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. தீபாராதனை வெளிச்சம் வயிற்றில் பட்டு மேலே ஏறியது. எத்தனையோ தடவை பார்த்த முகம். ஆனால் அன்றைக்கு ஆத்தா சொன்னதை நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

"வடக்க பாத்துத்தானே உக்காந்திருக்காரு. நாம போயிட்டு வந்ததையெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு."

மாத்தூரில் கூட்டம் இல்லை. ஐந்நூற்றீசர், பெரியநாயகி. கொங்கணச் சித்தர் இங்கே ஐந்நூறு மாற்று, அதாவது அவ்வளவு உயர்ந்த தரத்தில், தங்கம் செய்தார், அதனால் சுவாமிக்கு இந்தப் பெயர் என்று சொல்வார்கள். கல்தூண்களுக்கு நடுவே நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். காசியின் நெரிசலுக்கு அப்புறம் அந்த அமைதி எனக்குக் கண்ணீரை வரவழைத்தது.

சின்னச் சொம்பு எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. ஆத்தா அதை எடுத்துக் குருக்களிடம் நீட்டினார். ஈயம் லேசில் விடவில்லை. குருக்கள் வீட்டுச் சாவியைக் கேட்டார். எங்கள் முகப்புக் கதவின் சாவி ஒரு சாண் நீளம். அதன் நுனியை ஈயத்தில் கொடுத்து நாலு பக்கமும் நெம்பினார். மூடி எழும்பியதும் செம்பு வாசனை வந்தது. ஆத்தா எட்டிப் பார்த்தார், தண்ணீர் தெளிந்து கிடந்தது.

"எங்கேர்ந்து?" என்றார் குருக்கள்.

"காசிலேர்ந்து. தசாஸ்வமேத காட்டுல நானே இறங்கி எடுத்தேன்."

அவர் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஐந்நூற்றீசர் மேல் கங்கை வழிந்து ஆவுடையாரில் இறங்கியபோது ஆத்தா வாய்விட்டுச் சொன்னார்: "சம்போ மகாதேவா." காசிச் சந்தில் கேட்ட அதே ராகத்தில்.

மறுநாள் காலை 5 மணிக்கு ராமேஸ்வரம் கிளம்பினோம். பெரிய சொம்பு ஆத்தா மடியில் இருந்தது.