நடையும் வரைபடமும்

ஜூன் 3

பால் ஆஸ்டரின் ‘சிட்டி ஆஃப் கிளாஸ்’ (1985) நாவல் மறுபடியும். சிற்றிதழ்களில் பின்நவீனத்துவச் சண்டை (கதை தன்னையே கதை என்று காட்டிக்கொண்டு வாசகனோடு விளையாடும் எழுத்து பற்றியது) சூடாக நடந்த தொண்ணூறுகளில் முதலில் படித்தது. ஓரத்தில் பென்சிலால் ‘அபாரம்’ என்று மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். குவின் என்கிற மர்மக்கதை எழுத்தாளனுக்கு ராங் நம்பரில் ஒரு போன். கேட்பது பால் ஆஸ்டர் என்ற துப்பறிவாளரை. நான்தான் என்று கிளம்பிவிடுகிறான். மன்ஹாட்டனில் அவன் பின்தொடரும் ஒரு கிழவர் தினமும் நடக்கும் பாதையைச் சிவப்பு நோட்டில் வரைந்து பார்த்தால் நாளுக்கு ஓர் எழுத்து. சேர்த்தால் ‘பேபல் கோபுரம்’, மனிதர்களின் மொழி சிதறிப்போன பைபிள் கதையின் கோபுரம்.

அந்த இடத்தில் இன்றும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தத் தெருக்களில் யார் குடியிருந்தார்கள்? தெருவோர மனிதர்களைப் பற்றிக் குவின் குறிக்கிறான்தான், அதுவும் ஜாபிதா மாதிரி. தெருவே அங்கே காகிதம்.

ஜூன் 5

வீட்டில் விருந்தாளிகள். ஒரு பக்கம்கூட நகரவில்லை.

ஜூன் 8

ஸேடி ஸ்மித்தின் ‘என்டபிள்யூ’ (2012) நாவல். வடமேற்கு லண்டன், வில்ஸ்டன் பக்கம். ஓர் அத்தியாயம் முழுக்க, செல்போன் மேப் சொல்லுமே, இடப்பக்கம் திரும்பு, நேரே போ என்று, அவ்வளவுதான். அடுத்ததில் அதே வழி: ஹூக்கா வாசனை, கெபாப், நெரிசலில் நிற்கும் பஸ்ஸின் புகை. ஆஸ்டர் நடையை வரைபடமாக்கினார். இவர் வரைபடத்திலிருந்து தெருவுக்கு இறங்குகிறார்.

பின்நவீனத்துவம் போய், வாழ்க்கையை உள்ளபடி காட்டும் பழைய யதார்த்தவாதம் திரும்பிவிட்டது என்று பேசுகிறவர்கள் இதைப் புரட்டியாவது பார்க்கலாம். ஒரு பகுதி 185 எண்ணிட்ட துண்டுகள்! கருவியெல்லாம் அதே பட்டறைதான், செய்கிற வேலைதான் வேறு. தொடக்கத்தில் ஒருத்தி கதவைத் தட்டி, அம்மா ஆஸ்பத்திரியில் என்று அழுகிறாள். வீட்டுக்காரி லீயா முப்பது பவுண்டு கொடுக்கிறாள். பொய். ஆஸ்டரின் ராங் நம்பர் கடைசிவரை புதிர். இந்தப் பொய்க்காரியோ லீயாவின் பள்ளியில் படித்தவள், தெருவில் மறுபடி எதிரே வருகிறாள். என்ன செய்வது அவளை?

ஜூன் 12

டேஜு கோலின் ‘ஓப்பன் சிட்டி’ (2011) முடித்தேன். ஜூலியஸ், நைஜீரியாவில் வளர்ந்தவன், நியூயார்க்கில் மனநல மருத்துவம் பயில்கிறான். மாலையானால் நடை. தென் மன்ஹாட்டனில் ஆப்பிரிக்கர் இடுகாட்டில் வந்து நிற்கிறான். அது நிஜமாகவே இருக்கிறது: 1991இல் அரசுக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது, 419 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். ஜூலியஸ் குனிந்து புல்லிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறான், இடது கையில் சுரீரென்று வலி. கொஞ்ச நாள் முன்புதான் அவனைத் தெருவில் அடித்துப் பறித்திருந்தார்கள். அடிமைகளின் இடுகாடும் அவன் கைவலியும் ஒரே வரியில். இங்கே தெருவைக் காகிதமென்று சொல்லிவிட முடியாது.

ஜூன் 13

ராத்திரி தூக்கம் சரியில்லை. ‘ஓப்பன் சிட்டி’யின் முடிவுக்கு அருகில் மோஜி, பழைய நண்பன் ஒருவனின் சகோதரி, ஜூலியஸிடம் சொல்கிறாள்: சிறுவயதில் ஒரு விருந்தில் நீ என்னைப் பலாத்காரம் செய்தாய். அவன் பதிலே சொல்வதில்லை. நம்பத்தகாத கதைசொல்லி என்று வகுப்பில் சொல்லித் தருவது இதைத்தான்; ஆஸ்டர் காலத்தில் அது வாசகனோடு ஆடும் கண்ணாமூச்சி. இங்கே அவன் மறைத்தது ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை. அவனோடு இத்தனை பக்கம் இசை, ஓவியம் என்று ரசித்து நடந்தவன் நானும்தான்.

புத்தகத்தில் பென்சில் குறிகள் நிறைய. அவள் பேசும் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.