அந்த நாலு பேருக்கு யார் போனது?

"சார், அந்த நாலு பேருக்கு யாரு போனா?"

கேட்டது, இந்தியக் கடலோரக் காவல்படையில் எங்களிடம் டைவர் பயிற்சிக்கு, அதாவது ஹெலிகாப்டரிலிருந்து கேபிளில் இறங்கி ஆளை மீட்கும் வேலைக்கு, வந்திருந்த ஒரு பையன். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டிருந்தால் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பேன். அவன் மற்றவர்கள் டீக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, தமிழில் கேட்டான். நான் சொன்ன பதில் விதிப்படி சரியானது. அதைத் தவறென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அது என்னை விடவில்லை.

அன்றைய பாடம் ஜாலி கிரீன் 23, வியட்நாம் போரில் விழுந்த ஒரு அமெரிக்க மீட்பு ஹெலிகாப்டரின் அழைப்புப் பெயர். அவன் கேட்ட நாலு பேர் அதில் போனவர்கள். மீட்பு வேலையில் இருப்பவர்கள் எங்காவது ஒருமுறை கேட்டிருப்பார்கள். 1968 ஜூன் 9, வியட்நாமில் ஹூவே நகருக்கு மேற்கே உள்ள மலைக்காடு. அமெரிக்க மரைன் படையின் ஸ்கைஹாக் விமானம் சுடப்பட்டு, விமானி வால்டர் ஷ்மிட் பாராசூட்டில் இறங்கியிருந்தார். ரேடியோவில் பேசினார், எலும்பு முறிந்ததால் நகர முடியவில்லை. டா நாங்கிலிருந்து போன முதல் மீட்பு ஹெலிகாப்டர் முயன்று பார்த்தது. கீழேயிருந்து துப்பாக்கிச் சூடு பலமாக இருந்தது, எரிபொருளும் குறைந்துவிட, விலகிப் போனது. அடுத்ததாக இறங்கியது ஜாலி கிரீன் 23. துணைக்கு வந்த விமானங்கள் சுற்றிலும் தாக்கிக் கொடுக்க, ஷ்மிட் கிடந்த இடத்துக்கு மேலே போய் நின்றது. அப்போதுதான் அடிபட்டது. தீப்பிடித்த ஹெலிகாப்டரை ஒரு வெட்டவெளிக்குக் கொண்டுபோகப் பார்த்தார் விமானி. முடியவில்லை. விழுந்து வெடித்தது.

உள்ளே இருந்தவர்கள் ஜாக் ரிட்டிஷியர், ரிச்சர்ட் யீண்ட், எல்மர் ஹோல்டன், ஜேம்ஸ் லாக்கர். ரிட்டிஷியரைத் தவிர மற்ற மூவரும் விமானப்படைக்காரர்கள். அவர் அமெரிக்கக் கடலோரக் காவல்படை. பரிமாற்றத் திட்டத்தில் தானே விரும்பி வியட்நாமுக்குப் போனவர். போருக்கு வருவதற்கு முன் ஹூரான் ஏரியில், நோர்ட்மியர் என்ற ஜெர்மானியக் கப்பலில் சிக்கிய மாலுமிகளை மீட்கும் பணியில் பறந்தவர். அந்தப் போரில் காணாமல் போனவர் பட்டியலில் இருந்த ஒரே அமெரிக்கக் கடலோரக் காவல்படை வீரர் அவர்தான். கடல்மேல் வேலை பார்க்கும் எங்கள் வகுப்பில் ஒரு காட்டுச் சண்டை பாடமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பாடத்தை வைத்து நான் சொல்லித்தருவது ஹோவர், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது, பற்றி. ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நின்றால்தான் ஆளைத் தூக்க முடியும்; சுடுகிறவனுக்கு வசதியும் அப்போதுதான். கேபிள் இறங்கி, ஆளை மாட்டி, மேலே இழுத்து முடிக்கிறவரை விமானி அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. கீழே கிடப்பவர் காயத்தோடு இருந்து, தானாக மாட்டிக்கொள்ள முடியாவிட்டால், க்ரூவில் ஒருவர் இறங்கியாக வேண்டும். நிற்கும் நேரம் இன்னும் கூடும். எதிரிக்கும் இந்தக் கணக்குத் தெரியும். விழுந்த விமானியை உடனே பிடிக்காமல் விட்டுவைத்து, தேடி வருகிறவர்களுக்காகத் துப்பாக்கியோடு காத்திருப்பது அந்தப் போரில் பலமுறை நடந்தது.

பொதுவாக வரும் கேள்வி, முதல் ஹெலிகாப்டரால் முடியாதபோது இரண்டாவது ஏன் போனது என்பது. அதற்கு என்னிடம் பதில் உண்டு. கீழேயிருந்து ஒரு மனிதன் பேசிக்கொண்டிருந்தான், அதனால் போனார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் பழைய காலத்துப் பேச்சு ஒன்று இருக்கிறது: விதிப்படி நாம் போயாக வேண்டும்; ஆனால் திரும்பி வந்தாக வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தப் பையனின் கேள்வி அங்கே நிற்கவில்லை. அவன் கேட்டது விழுந்த பிறகு நடந்ததை.

"யாரும் போகலை. போறதுக்கு எதுவும் இல்லை. பீப்பர், அதான் அவசர ரேடியோ சிக்னல், வரலை, குரல் வரலை. வெடிச்சதைப் பார்த்தவங்க யாரும் ஒருத்தர் வெளியே வந்ததைப் பார்க்கலை" என்றேன்.

"செத்துட்டாங்கன்னு உறுதியாத் தெரியுமா சார்?"

"இறங்கிப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும். அதுக்கு இன்னொரு நாலு பேரை அனுப்பணும்."

"அப்போ குரல் வர்றவனுக்குத்தான் போவோம்."

"ஆமா தம்பி. குரல் இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது."

"சரி சார்" என்றான். அவ்வளவுதான். டீ குடிக்கப் போனான். முகத்தில் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால்கூட நல்லது, இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972 ஏப்ரலில் அதே நாட்டில், குவாங் ட்ரி பகுதியில், ஹாம்பிள்டன் என்ற அமெரிக்க நேவிகேட்டர் (விமானத்தில் வழி கணிப்பவர்) எதிரிப் படைக்கு நடுவே விழுந்தார். அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. அவரை எடுக்கப் போன ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று முதல் நாளே விழுந்தது. சில நாள் கழித்து, ஏப்ரல் 6ஆம் தேதி, ஜாலி கிரீன் 67 விழுந்து ஆறு பேர் போனார்கள். அதற்குப் பிறகு மேலிடம் ஹெலிகாப்டர் முயற்சியையே நிறுத்தியது. குரல் கேட்கும்போதே அனுப்புவதை நிறுத்த வேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால், குரலே இல்லாத இடத்துக்கு எந்தக் கணக்கில் அனுப்புவது? மீட்பில் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். நான்கு எட்டாகும், எட்டு பன்னிரண்டாகும். எங்காவது ஒருவர் போதும் என்று சொல்லியாக வேண்டும்; அதைச் சொல்கிறவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் பேசக் கூடாது.

ஆனால் ஹாம்பிள்டன் கதை அத்தோடு முடியவில்லை. டாம் நோரிஸ் என்ற கடற்படை அதிகாரியும் நுயென் வான் கியெட் என்ற வியட்நாமியக் கமாண்டோவும் மீனவர் வேடத்தில் சிறு படகில், இரவில், ஆற்றுவழியாகப் போய் அவரைக் கொண்டுவந்தார்கள். ஆக, நின்றது ஹெலிகாப்டர்தான். நான் பையனிடம் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. "போகக் கூடாது" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அதைவிட உறுத்துவது வேறொன்று. கடலில் நாங்கள் செய்வது அதற்கு நேர்மாறு. கரை திரும்ப வேண்டிய நாளில் திரும்பாத படகிலிருந்து எந்தக் குரலும் வராது. காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் என்ன வேகம், கடைசியாகப் பார்த்த இடம் எது என்று கணக்குப் போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்து, கண் எரியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பறக்கிறோம். குரல் வந்தால்தான் போவோம் என்றால் எங்கள் வேலையில் பாதி இல்லை. 2024 செப்டம்பரில் போர்பந்தருக்கு அப்பால், ஒரு டேங்கர் கப்பலில் காயம்பட்டவரை எடுக்கப் போன எங்கள் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தபோது, நால்வரில் ஒருவர்தான் உயிரோடு கிடைத்தார். இருவரின் உடல் சீக்கிரமே கிடைத்தது. விமானியின் உடல் கிடைக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அத்தனை நாளும் தேடினார்கள். குரல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அங்கே சுடுவதற்கு ஆள் இல்லை, வியட்நாமில் இருந்தார்கள். இந்த வித்தியாசம் போதும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெரும்பாலும் அது போதுமானதாகவும் இருக்கிறது. பிறகு அந்தப் பையனின் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் அவன். 2017இல் ஒக்கி புயலுக்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனை வீடுகளில் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். உடல் கிடைத்தால் அழுது, அடக்கம் செய்து, நாள் குறித்து ஜெபம் வைக்கலாம். கிடைக்காத வீட்டில் கஞ்சி காய்ச்சும்போதுகூட ஒரு ஆளுக்குச் சேர்த்து வைப்பதா வேண்டாமா என்ற குழப்பம். சட்டமும் காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் கேட்கிறது. அவன் வீட்டில் யாராவது அப்படிப் போயிருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்பது அவனுக்கு நல்லதா, எனக்கு வசதியா என்று தெரியாததால் இன்றுவரை கேட்கவில்லை.

அவன் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருந்தது. என் கடைசி ஸ்லைடிலேயே இருந்தது. நேரம் இல்லாமல் அன்று அதைக் காட்டவில்லை. அந்த நான்கு பேரைத் தேடிப் போனார்கள். போர் முடிந்து, இரண்டு நாடுகளும் பேசிக்கொள்ள ஆரம்பித்து, காணாமல் போனவர்களைத் தேடும் குழுக்கள் வியட்நாமுக்குள் போய், கிராமத்துப் பெரியவர்களை விசாரித்து, மலைச்சரிவில் மண்ணைத் தோண்டிச் சலித்தார்கள். 2002இல் இடம் அகப்பட்டது. 2003இல் எச்சங்களை எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அக்டோபரில் ரிட்டிஷியர் ஆர்லிங்டன் கல்லறையில், கடலோரக் காவல்படைக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். விழுந்து 35 ஆண்டு ஆகியிருந்தது. ஜாலி கிரீன் 67இன் ஆறு பேருக்கும் அப்படித்தான். 1994இல் எடுத்து, 1997இல் அடக்கம்.

"போனாங்க தம்பி, கொஞ்சம் லேட்டா" என்று ஏன் சொல்லவில்லை? யோசித்துப் பார்த்தால், எலும்பு எடுப்பதை மீட்பாக நான் எண்ணியதே இல்லை. எங்களுக்கு உயிர்தான் கணக்கு. எலும்புக்குப் போவது வேறு துறை, வேறு ஆட்கள், அவசரம் இல்லாத வேலை. ஆனால் வீட்டில் காத்திருப்பவரிடம் போய் இந்தத் துறைப் பிரிவினையை விளக்க முடியுமா? 35 வருஷமாக அவர்கள் கேட்டதும் அந்தப் பையன் கேட்ட அதே கேள்வியாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் மனசு இழுக்கிறது. இருபத்து சொச்சம் வயதுப் பையனிடம், நீ தொலைந்தால் முப்பத்தைந்து வருஷம் கழித்தாவது வருவார்கள் என்று சொல்வது ஆறுதலா? எனக்கு அந்த வயதில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பேன்? தெளிவாக "வர மாட்டோம்" என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றும் படுகிறது.

என்னோடு வேலை பார்க்கும் மூத்த விமானி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி. யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் கொக்கியை ரெண்டு தடவை பார்ப்பான்" என்றார். அவரை மதிக்கிறேன். ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை. கேபிளில் இறங்குகிறவன் மேலே இருப்பவர்களை நம்பித்தான் இறங்குகிறான். பயத்தில் எத்தனை தடவை கொக்கியைப் பார்த்தாலும் அந்த நம்பிக்கை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டான்.

அதே சமயம், கேபிளை வெட்டும் பொத்தான் ஒன்று காக்பிட்டில் இருக்கிறது. கேபிள் எதிலாவது சிக்கி ஹெலிகாப்டரே விழும் நிலை வந்தால், கீழே ஆள் தொங்கினாலும் விமானி அதை அழுத்தலாம். ஒவ்வொரு டைவருக்கும் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பையனுக்கும் சொன்னோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெட்ட வேண்டி வந்தால் வெட்டுவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலைக்கு வந்திருக்கிறான். அப்படியானால் அவன் என்னிடம் கேட்டது விதியைப் பற்றியே இல்லை. வெட்டிய பிறகு திரும்பி வந்து பார்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறான். நான் விதியைச் சொன்னேன்.

இப்போது அவன் ஒரு ஸ்குவாட்ரனில் இருக்கிறான், நன்றாகச் செய்கிறான் என்று கேள்வி. நம்பர் இருக்கிறது, கூப்பிட்டுப் பேசலாம். அவன் அந்தப் பேச்சை எப்போதோ மறந்திருக்கவும் கூடும். அப்படியென்றால் நான் கூப்பிடுவதுதான் அவனைக் குழப்பும். அடுத்த பேட்சுக்கு 2003 ஸ்லைடை முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மூத்தவர் அதை எடுத்துவிடச் சொல்கிறார், வகுப்பின் நோக்கம் ஹோவர்தானே என்கிறார். எடுக்கப் போவதில்லை. "போகக் கூடாது" என்பதையும் சொல்லத்தான் போகிறேன், அங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து.