அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போவது பற்றி நாங்கள் தீவிரமாக யோசிக்கிறோம் என்று தெரிந்ததும், பினாங்கின் பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை பார்க்கும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு எத்தனை பாயிண்ட் வருது?" வயது, படிப்பு, அனுபவம் பார்த்து அந்த நாடு விசாவுக்குத் தரும் மதிப்பெண் அது. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் முதலில் தேடிப் பார்த்தது பாயிண்டை அல்ல. எழுபதைத் தாண்டிய அம்மாவை எந்த விசாவில் அழைத்துப் போக முடியும் என்பதைத்தான்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அக்கா ஈப்போவில், தங்கை கிள்ளானில். இந்த விவரம் எங்களுக்கு மட்டும்தான் முக்கியம் என்று நினைத்திருந்தோம், ஆஸ்திரேலிய சட்டத்துக்கும் முக்கியமாம். பெற்றோருக்கான நிரந்தர விசா வேண்டுமென்றால், பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு எந்த நாட்டிலும் இருப்பவர்களைவிட அங்கே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். நாங்கள் போனாலும், மூன்று பிள்ளைகளில் நான் ஒருவன்தான் அங்கே, இருவர் மலேசியாவில். அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது. ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டி வாங்கும் பெற்றோர் விசாவுக்கும் இதே நிபந்தனை. கட்டணம் குறைந்த விசாவில் காத்திருப்பு முப்பது ஆண்டுக்கு மேல் என்று அந்த நாட்டு உள்துறையே சொல்கிறது.

மிச்சம் இருப்பது 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா. அதற்குப் பிள்ளைகள் கணக்கு கிடையாது. ஒரு முறைக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு, மொத்தம் பத்து ஆண்டு வரை தங்கலாம். வேலை செய்ய முடியாது, மெடிகேர் என்ற அரசு மருத்துவ வசதி கிடைக்காது, தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு அந்தக் காப்புறுதி என்ன விலைக்கு வரும் என்பதை விசாரித்துவிட்டுத்தான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். ஏஜென்டுகள் பாயிண்டைத்தான் முதலில் பேசுவார்கள்.

சரி, பாயிண்ட். எனக்கு நாற்பத்தொன்று. 40 முதல் 44 வயது வரை 15 பாயிண்ட்தான், 45 ஆனால் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பே வராது. பட்டத்துக்கு 15, எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட வெளிநாட்டு வேலை அனுபவத்துக்கு 15, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் எட்டு எடுத்தால் 20. மொத்தம் 65. அழைப்புக்குப் பெயர் பதிய அதுதான் குறைந்தபட்சம், ஆனால் அழைப்பு வர அதற்கு மேலே வேண்டும். மனைவி ஆங்கிலத் தேர்வு எழுதினால் 5. மாநிலம் ஒன்று பரிந்துரைத்தால் 190 என்ற நிரந்தர விசாவில் இன்னொரு 5. நகரத்துக்கு வெளியே போகத் தயார் என்றால் 491 என்ற விசாவில் 15, ஆனால் அது முதலில் தற்காலிக விசாதான்.

பொறியாளர்களுக்கு ஒரு தகவல். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா முழு உறுப்பினரானது 2009-இல். அதற்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வாங்கியவர்களுக்குத் தகுதி மதிப்பீடு சுலபம். நான் 2007-இல் முடித்தவன். அதனால் என் வேலை அனுபவத்தை மூன்று நீண்ட கட்டுரைகளாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஐந்து பாயிண்ட் தமிழிலிருந்தே வருகிறது. சிசிஎல் என்ற மொழித் தேர்வில் தமிழும் உண்டு. இரண்டு உரையாடல்கள், ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், மற்றவர் தமிழில் பேசுவார், நடுவில் நாம் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 90-க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் குறைந்தது 29. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மனைவி ஆங்கிலப் பகுதியை வாசிப்பார், நான் தமிழில் சொல்வேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வீட்டு வாடகை முன்பணம், வழக்கறிஞர், அறுவை சிகிச்சைக்கு முன் சாப்பிடக்கூடாது என்ற மாதிரி விஷயங்கள். எங்கே தடுமாறினாலும் அம்மாவிடமிருந்து நல்ல சொல் வந்துவிடும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவர்.

சிங்கப்பூர் பக்கம்தானே, அம்மாவை வாரம் ஒரு தரம் பார்க்கலாமே என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் என் மூலம் அங்கே பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கினால் மகனுக்குத் தேசிய சேவைக் கடமை வரும், முழுநேரமாக இரண்டு ஆண்டு. ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையனுக்காக அந்த முடிவை இப்போதே எடுக்க நாங்கள் விரும்பவில்லை.

இனி குடியுரிமை. இதில்தான் வீட்டில் அதிகம் பேசியது. ஆஸ்திரேலியா 2002-லிருந்து இரட்டைக் குடியுரிமையை முழுமையாக அனுமதிக்கிறது, மலேசியா அனுமதிப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமே கேட்டு வாங்கினால் நம்முடையதைப் பறிக்க அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவு இடம் தருகிறது. அங்கே நான்கு ஆண்டு சட்டப்படி வசித்து, அதில் கடைசி ஓர் ஆண்டு பிஆராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். முடியும் என்பதற்காக வாங்கியே ஆக வேண்டுமா?

பிஆர் இருந்தாலே மெடிகேர் உண்டு, வேலை உண்டு. பயண அனுமதி மட்டும் ஐந்து ஆண்டுக்கு. பிறகு, கடந்த ஐந்தில் இரண்டு ஆண்டு அங்கே வசித்திருந்தால் இன்னும் ஐந்துக்குப் புதுப்பிக்கலாம். உண்மையில் இடிப்பது மகளின் பல்கலைக்கழகப் படிப்புதான். பிஆர் மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும், ஆனால் ஹெக்ஸ் என்ற அரசு படிப்புக் கடன் பொதுவாகக் குடிமக்களுக்குத்தான், அதனால் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பதினாறு முடிந்தவள் என்பதால் குடியுரிமை வேண்டுமென்றால் அவள் தனியாகவே விண்ணப்பிக்கலாம். அந்த முடிவை அவளிடமே விட்டிருக்கிறோம்.

என் முடிவு வேறு. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடியபோது அதே கோப்பில் பாட்டியின் சிவப்பு ஐசி நகல் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை அது. செபராங் பிறைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர், ஓட்டுப் போடாமலே இறந்தவர். குடிமக்களுக்கான நீல ஐசிக்காக அப்பா எழுதிய மனுக்களின் நகல்கள் அதன் கீழேயே இருந்தன. அந்த மனுக்களைப் படித்துவிட்டு என்னுடையதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா இருக்கும்வரை நான் இங்கே எந்த விசாவும் கேட்காமல் வந்து இறங்க வேண்டும், எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்க வேண்டும். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை முழுதாக எடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். நாட்டை விட்டுப் போகிறவர் என்ற கணக்கில் எடுக்கக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். 55 வயது வரை அது அங்கேயே இருக்கட்டும்.

ஆக, 190 விசாவுக்குப் போகிறோம், பிஆரோடு நிற்கிறோம். சிசிஎல்லுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. தீபாவளிக்கு அக்காவும் தங்கையும் வருகிறார்கள். அம்மா எங்களோடு எவ்வளவு காலம், அவர்களோடு எவ்வளவு காலம் என்பதை அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசி முடித்த பிறகுதான் விண்ணப்பம்.